நீலப் புகையாம்!

நீலமாம்! கேட்டியளே தம்பி, நீலமாம்! புகை டெஸ்டில என்ர பள்ளிக்கூட வானுக்கு இண்டையோட மூண்டாம் தரம் பெயில் போட்டிட்டு, என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுது அந்தப் பிள்ளை, "அன்ரி, உங்கட வானில நீலப் புகை வருது" எண்டு. புகையில என்ன கலர் பாக்கிறது? கூறைச்சாறி எடுக்கவே வந்தனாங்கள்? புகை எண்டாப் புகை. நீங்களே சொல்லுங்கோ, நீங்களும் அந்த வேப்பமரத்துக்குக் கீழ நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள். நீலமாவே இருந்தது?

ம்... சரி. கொஞ்சம் நீலம்தான். கடலுக்குப் பக்கத்தில நிண்டா எல்லாம் நீலமாத்தான் தெரியும்.

கொஞ்சம் அங்கால தள்ளி இருங்கோ, நானும் இந்த வாங்கில இருக்கப்போறன். உங்கட லொறிதானே அது, தண்ணி ஒழுகிக்கொண்டு நிக்கிறது? ஐஸ் லொறியோ? நிலாவெளிப் பக்கமோ? வாசத்திலயே நினைச்சனான்... கோவிக்காதேங்கோ, மீன் வாசம் எனக்குப் பழக்கம், நான் பன்ரண்டு வருசம் திருக்கடலூரில இருந்தனான். பேர் என்ன?... சசியோ. நல்லது. நான் குணமணி. பள்ளிக்கூட வான் குணமணி எண்டு கேட்டா டவுனுக்குள்ள சின்னப்பிள்ளையும் சொல்லும். சின்னப்பிள்ளையள்தான் கூடச் சொல்லும். உங்களுக்கு முன்னால இன்னும் எத்தினை பேர்?... அஞ்சோ? அப்ப நேரம் கிடக்கு.

நீங்கள் நினைக்கக் கூடாது, என்னடா இந்த மனுசி முன்னப்பின்னத் தெரியாத ஆளிட்ட வந்து புலம்புது எண்டு. நான் அப்பிடிக் கதைக்கிற ஆளே இல்லை. இண்டைக்கு மட்டும்தான். ஏனெண்டாத் தம்பி, இண்டையோட வான்ட லைசன்ஸ் முடியுது. புகைப் பத்திரம் இல்லாட்டி லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லாட்டி திங்கக்கிழமை காலமை பிள்ளையளை ஏத்த ஏலாது. பதினொரு பிள்ளையள்! அதுகள்ட தாய்மார் வாட்சப்பில ஒரு குறூப் வச்சிருக்கினம். துவங்கினதே நான்தான். இப்ப அதில என்னைப் பற்றித்தான் கதை. நேற்று ஒருத்தி எழுதுறா, "குணமணி அக்காண்ட வானுக்கு ஒரு முடிவு தெரியாட்டி திங்கள்ல இருந்து ஸப்வான்ட பஸ்ஸில விடுவம், அக்கா சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ள சொல்லட்டும்" எண்டு. கீழ எட்டுப் பேர் கட்டைவிரல் போட்டிருக்கினம். எட்டுப் பேர்! அதில ஒருத்தின்ர பிள்ளையை நான் டெங்குக் காய்ச்சலோட மடியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினனான். அவவும் விரல் போட்டிருக்கிறா.

ஸப்வான் எண்டு ஒருத்தர், அவர்ட பஸ்ஸில ஏசி இருக்காம். இருக்கட்டும். ஸப்வான் கூடாத ஆள் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா அவருக்குத் தெரியுமே, எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் எண்டு? எனக்குத் தெரியும்.

உள்ளுக்குக் கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறாவே, எனக்குப் பெயில் போட்ட பிள்ளை, நிவேதிகா... அவவே என்ர வானில போன பிள்ளைதான்! ஏழாம் வகுப்பில இருந்து ஓஎல் சோதினை எழுதுமட்டும். எத்தினை நாள் அவட சத்தியைக் கழுவியிருப்பன்! அந்தக் கையாலயே எனக்குப் பெயில் பேப்பர் நீட்டுறா. முதல் தரம் போடேக்க அழுதவ, பாவம். "அன்ரி, மெசின்தான் போடுது, நான் இல்லை" எண்டு. ரெண்டாம் தரம் தலையைக் குனிஞ்சுகொண்டு தந்தவ. இண்டைக்கு ஒண்டுமில்லை, சிரிச்சுக்கொண்டே தந்திட்டா. பழகிட்டுது.

அவை டெஸ்ட் செய்யிற விதமாவது ஒழுங்கே? நீங்களும் பாருங்கோவன், உங்கட முறை வரேக்க. பின்னால புகைக்குழாய்க்குள்ள ஒரு நீட்டுக் கம்பியைச் செருகினம். பேந்து அந்தத் தடிச்ச மனுசன் என்ர சீட்டில ஏறி, அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிக்கிறார். ஒருக்காலே? ரெண்டு தரமே? கத்துது தம்பி வான்! ஒன்பது வருசத்தில ஒரு நாள் நான் அதை அப்பிடி மிதிச்சிருப்பனே? நாப்பதுக்கு மேல போகாத வான். ஆரையும் பிடிச்சு வயித்தில குத்தினா வாயால ஏதும் வரத்தானே செய்யும்? அதை அளந்து பேப்பரில அடிச்சுத் தருகினம். இவ்வளவுக்குள்ள இருக்கோணும், உங்கடது இவ்வளவு. முதல் தரம் கொஞ்சம் கூட. பேந்து நான் எயார் ஃபில்டரை மாத்தி, டீசலுக்குள்ள விடுற மருந்துப் போத்தல் ஒண்டும் வாங்கி விட்டுக்கொண்டு வந்தன். அப்ப முதலையும் விடக் கூட. இண்டைக்கு... அதை விடுங்கோ.

நிவேதிகா சொல்லுறா, கறுப்பு எண்டா டீசல் சரியா எரியேல்லையாம், நீலம் எண்டா ஒயில் எரியுதாம். அட, அதைத்தானே தம்பி நானும் ரெண்டு மாசமாச் சொல்லுறன்! அதுக்கு மெசின் வேணுமே? நான் காலமை காலமை பாக்கிறனான். காலமை காலமை ஒயில் குறைஞ்சுதான் கிடக்கு. நான் விட, அது எரிக்க... நான் விட, அது எரிக்க... 

என்ர மனுசன் கதிராமன் கட்டாரில. ஏழு வருசம். போகேக்க விமான நிலையத்தில வச்சு எல்லா மனுசன்மாரும் பெண்சாதிக்கு என்ன சொல்லுவினம்? உடம்பைப் பார், பிள்ளையைப் பார்... இவர் சொல்லுறார், "குணம், தண்ணி, ஒயில், டயர். மூண்டையும் பாத்திட்டுத்தான் திறப்பைத் திருப்போணும். ஒயில் குறைஞ்சா எஞ்சின் செத்துப்போகும்" எண்டு. அதைச் சொல்லிப்போட்டு அந்த மனுசன் அழுதது. என்னை நினைச்சோ எஞ்சினை நினைச்சோ எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா நான் ஒரு நாள் தவறேல்ல தம்பி. காய்ச்சல் எண்டாலும் தவறேல்ல. அஞ்சரைக்குச் சாமிக்கு விளக்கு, பேந்து வானுக்கு ஒயில். எங்கட வானில எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழதானே... சீட்டைத் தூக்குவன், ஒயில் கம்பியை இழுப்பன், துடைப்பன், திரும்ப விட்டு இழுப்பன். கீழ்க்கோட்டோட நிக்கும். கைபிடி உடைஞ்ச தேத்தண்ணிக் கோப்பை ஒண்டு அதுக்கெண்டே வச்சிருக்கன், அதால அரைக்கோப்பை. மேல்கோடு வருமட்டும் விடுவன். சில நாளைக்கு மனம் கேளாம அதுக்கு மேலயும் ஒரு சொட்டு.

திருக்கடலூரில இருக்கேக்க இப்பிடி இல்லை! மாசத்தில ஒருக்காக் கூட விடத் தேவைப்படேல்ல. எல்லாம் இந்த வீட்டுக்கு வந்ததில இருந்துதான்... அந்த வீட்டில ஏதோ இருக்கு தம்பி. திருக்கடலூர் வீட்டுக்காரர் வீட்டை வித்திட்டினம். நாங்கள் மாசி மாசம் உவர்மலைக்கு மாறினம். நல்ல காத்து, வாசலில நிண்டா துறைமுகம் தெரியும், கப்பல் தெரியும், ஒரு குறையும் சொல்லேலாது. ஆனாப் போய் மூண்டாம் நாளே ஒயில் குறைஞ்சிட்டுது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசிச்சன். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வச்சன். கண்ணாடிக்குக் கீழ செத்தல் மிளகாய் கட்டினன், பிள்ளையள் தும்மித் தும்மி, கழட்டிப்போட்டன். பேந்துதான் விளங்கினது, முன்வீட்டு ரீச்சர். ஒவ்வொரு நாளும் காலமை தேத்தண்ணிக் கோப்பையோட கேற்றடியில வந்து நிண்டு என்ர வானையே பாப்பா. ஏன் பாக்கிறா? கண்ணூறு. நான் ஒரு நாள் கேட்டுப்போட்டன், "என்ன ரீச்சர், வானில படம் ஓடுதோ?" எண்டு. அண்டையில இருந்து அவ உள்ளுக்கு இருந்து குடிக்கிறா. அப்பவும் ஒயில் குறையுது பாருங்கோ! அவ்வளவு கண்.

அவ பாக்கிறதுக்கும் காரணம் இருக்கு. எங்கட வான் ஸ்டார்ட் ஆகிற விதம் ஒரு வடிவு. பற்றறிக்குக் கொஞ்சம் வயசு போயிட்டுது. புதுப் பற்றறி வாங்கோணும் எண்டு இவர் கட்டாரில இருந்து கத்துறார். நான் சொன்னன், தேவையில்லை, எனக்கு மூளை இருக்கு. எங்கட வீட்டு ஒழுங்கை றோட்டு நல்ல சரிஞ்ச பள்ளம் தம்பி. ராவைக்கு வானை மூக்குக் கீழ பாக்க நிப்பாட்டி, டயருக்கு ஒரு கல்லு வச்சிடுவன். காலமை செல்ஃப் அடிக்காட்டி கல்லை எடுத்துப்போட்டு பிறேக்கை விட்டாக் காணும். தானா உருளும், கியரைப் போட, டுபுக் எண்டு ஸ்டார்ட். ஒரு மனுசரும் தள்ளத் தேவையில்லை...

என்ன தம்பி, அப்பிடிப் பாக்கிறியள்? ... ஓம், பள்ளத்திலதான். ... ஓம், அங்க நிக்கேக்கதான் ஒயிலும் பாக்கிறனான். பேந்து எங்க வச்சுப் பாக்கிறது, கோயிலிலயோ? ஸ்டார்ட் பண்ண முதல்தானே பாக்கோணும். நீங்கள் கதையைக் குழப்பாதேங்கோ. நான் இன்னும் ஜெமீல் நாநாட கதைக்கே வரேல்ல.

இவ்வளவுக்கும் காரணம் அந்தாள்தான். கண்ணூறு பாதி, ஜெமீல் நாநா பாதி. கண்டி றோட்டில கராஜ், இஞ்ச இருந்து அஞ்சு நிமிசம். கிண்ணியா ஆள், அண்ணன் மாதிரி எண்டுதான் நாநா எண்டுறது. வான் வாங்கின நாளில இருந்து அவர்தான் பாக்கிறது. நல்ல மனுசன் எண்டுதான் நானும் நினைச்சனான். என்ர மனுசன் அவரை நம்பித்தான் வானை விட்டிட்டுப் போனவர். என்னையும் எண்டு வையுங்கோவன். பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு நான் பொங்கல் குடுத்துவிடுவன். அப்பிடி ஒரு ஆள். கடைசியா ஒயில் மாத்தினது அவர்தான். மாத்தி நாலாம் நாள் நான் கம்பியை இழுத்துத் துடைக்கிறன், சீலைத்துண்டு கரி! புது ஒயில் எண்டா எப்பிடி இருக்கோணும்? தேன் மாதிரி இருக்கோணும். போத்தலில இருக்கேக்க தேன், நாலாம் நாள் தார். அப்ப என்ன அர்த்தம்? வேற வாகனத்தில கழட்டின பழைய ஒயிலை எனக்கு ஊத்தியிருக்கிறார். பொம்பிளைதானே, என்ன தெரியப்போகுது எண்டு.

முதல் தரம் இஞ்ச பெயில் ஆன உடன நேர அங்கதான் போனன். அந்தச் சீலைத்துண்டையும் ஒரு சொப்பிங் பையில போட்டுக்கொண்டு போனன், சாட்சிக்கு. அந்தாள் ஒரு லொறிக்குக் கீழ படுத்திருக்கிறார். வெளியில வராமலே கேக்கிறார், "தங்கச்சி, எவ்வளவு ஒயில் ஊத்துறீங்க?" எண்டு. எனக்கு ஏறினது பாருங்கோ கோவம்! நான் ஊத்துறதைக் கேக்கிறாராம். நான் சொன்னன், தேவையான அளவு. அதுக்குச் சொல்லுறார், "எஞ்சினுக்கு ஒண்டுமில்ல. ரெண்டு கிழமைக்கு ஊத்தாம ஓடிப் பாருங்க. இல்லாட்டி வண்டிய உள்ளுக்கு எடுங்க, நான்..." எண்டு. ஊத்தாம! பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்காதேங்கோ எண்டு சொல்லுற மாதிரி! அதுக்கு மேல நான் அவரைக் கதைக்க விடேல்ல. பையில இருந்து சீலைத்துண்டை எடுத்து அவர்ட மேசையில போட்டன். "கழிச்ச ஒயிலை ஊத்திப்போட்டு, இப்ப ஊத்தாதேங்கோ எண்டு சொல்லுறியளோ? பள்ளிக்கூடப் பிள்ளையள் போற வானில களவு செய்யிறியளோ?" எண்டு கேட்டன். மெல்லமாக் கேக்கேல்ல. ஆறு பேர் நிண்டவை. ஒருத்தர் ரெண்டு பேர் எழும்பியும் போயிட்டினம்.

அந்தாள் லொறிக்குக் கீழ இருந்து வந்து, கையைத் துடைச்சு, அந்தச் சீலையைப் பாத்தார். திரும்பவும் லொறிக்குக் கீழ போயிட்டார். குற்றம் இல்லாதவன் எண்டாச் சத்தம் போட்டிருக்க மாட்டானோ? நானாயிருந்தாப் போட்டிருப்பன். நீங்கள் போட்டிருக்க மாட்டியள் போல...

ஆனா ஒண்டு சொல்லோணும். அவர்ட பேத்தி பஸ்மியா, மூண்டாம் வகுப்பு, என்ர வானிலதான் போறவ. கராஜ் வாசலில ஏத்துறனான். அவ்வளவு பேச்சுக்குப் பிறகு அடுத்த நாள் காலமை பிள்ளை நிக்காது எண்டுதான் நினைச்சனான். பாத்தா, நிக்குது. அந்தாளே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து, முன் சீட்டில ஏத்தி, பெல்ட்டைப் போட்டுவிடுறார். என்னைப் பாக்கேல்ல. நானும் பாக்கேல்ல. இண்டைக்கு ரெண்டு கிழமை தம்பி, ஒரு கதை இல்லை, ஆனா ஒரு நாள் கூடப் பிள்ளையை வேற வாகனத்தில விடேல்ல. களவு செய்யிறாய் எண்டு ஊருக்கு முன்னால சொன்னவளிட்ட ஆரும் பேத்தியைக் குடுத்து விடுவினமோ? அதை நினைச்சா ராவில நித்திரை வருகுதில்லை. கோவம் கோவமா வருது. என்னில வருகுதோ அவரில வருகுதோ...

எங்க எழும்புறியள்? போறியளோ? நான் கனக்கக் கதைச்சிட்டன் போல. பொறுங்கோ, முடியப்போகுது... ஓ, லொறிக்கோ. என்ன, பொனற்றைத் திறக்கிறியள்? தண்ணி பாக்கிறியளோ?... என்னத்துக்கு அதைக் கொண்டு வாறியள்? ஒயில் கம்பி. ஓம், தெரியுது, ஒயில் கம்பிதான். கறுப்புத்தான். தார் மாதிரித்தான் இருக்கு. நீங்களும் மாத்தோணும் போல.

என்ன? புதன்கிழமை மாத்தினதோ?

இந்தப் புதனோ? மூண்டு நாளைக்கு முதலோ? உங்கட கையாலயோ? பொய் சொல்லாதேங்கோ... புதுப் போத்தல் உடைச்சோ? ... டீசல் எஞ்சின் எண்டா அப்பிடித்தானோ? உள்ளுக்கு இருக்கிற கரியை ஒயில் கழுவி எடுக்கிறதால கறுக்குமோ? கறுக்காட்டித்தான் பிழையோ?

அட...

அப்ப ஜெமீல் நாநா விட்டது புது ஒயில்தான்... இல்லை, பொறுங்கோ. அது சரி எண்டாலும் நீலப் புகைக்கு என்ன பதில்? ஒயில் குறையுறதுக்கு என்ன பதில்? ... பாருங்கோ, தாராளமாப் பாருங்கோ, எனக்கென்ன பயமோ! வாங்கோ. சீட்டை நான் தூக்குறன், அதுக்கு ஒரு பிடி இருக்கு. இந்தா. அரை மணித்தியாலமா நிக்குது, ஆறிட்டுது. இழுங்கோ. துடையுங்கோ. இப்ப திரும்ப விட்டு இழுங்கோ. குறைஞ்சுதான் கிடக்கும், பாருங்கோ, நான் கண்ணை மூடிக்கொண்டு...

என்னது இது?

கோட்டைக் காணேல்ல. கோடு எங்க? ... உதோ? இவ்வளவு கீழயோ? ஒயில் இவ்வளவு உயரத்தில நிக்குது! ரெண்டு விரல்... மூண்டு விரல் மேல! இல்லைத் தம்பி, நீங்கள் பிழையா விட்டிட்டியள். திரும்ப விடுங்கோ... தாங்கோ இஞ்சால, நான் விடுறன்.

...

காலமை பாத்தனான்! சத்தியமா, இண்டைக்குக் காலமை பாத்தனான், கீழ்க்கோட்டோட நிண்டது! அரைக்கோப்பை விட்டனான்! உவர்மலையில குறைஞ்ச ஒயில் இஞ்ச இந்தச் சமதரையில வந்து என்னெண்டு வளரும்? மோரே அது, பொங்குறதுக்கு?

என்ர தண்ணிப் போத்தல் என்னத்துக்கு? தாகமோ? ... ஓம், பாதித் தண்ணிதான். ... ஓம், நேரா வச்சா நடுவில நிக்குது. ... சரிக்கிறியள். ஓம். ... முன்பக்கம் ஏறுது. பின்பக்கம்... பின்பக்கம் குறையுது.

கம்பி நிக்கிறது பின்பக்கம்.

ஐயோ.

கொஞ்சம் பொறுங்கோ. ஒண்டும் சொல்லாதேங்கோ. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லத்தான், ஆனாலும் சொல்லாதேங்கோ. அப்ப பள்ளத்தில மூக்குக் கீழ பாக்க நிக்கேக்க ஒயில் எல்லாம் முன்னால போயிடும். கம்பியில குறைவாத் தெரியும். நான் விடுவன். விட்டது கூடினதாப் போய், அந்தக் கூடினதுதான் காத்துப் போற குழாயால ஏறி எரிஞ்சு நீலமாப் போகுதோ? எரிஞ்சு முடியத் திரும்பவும் நான் விடுறனோ? அப்ப எஞ்சினுக்கு ஒண்டுமில்லையோ? அந்தாள் சொன்ன மாதிரி? ரெண்டு கிழமை ஊத்தாம ஓடியிருந்தா...?

ரீச்சரை வீட்டுக்குள்ள அனுப்பிப்போட்டனே தம்பி! அந்த மனுசி பாவம், கேற்றடியில நிண்டு துறைமுகத்தைத்தான் பாத்திருப்பா. பத்திரகாளிக்கு என்ன சொல்லுறது? அம்மா, என்ர வானுக்குக் கண்ணூறு இல்லை, கல்லு வச்சதுதான் எண்டோ? இவர் கட்டாரில இருந்து, பற்றறி வாங்கு, பற்றறி வாங்கு எண்டு... கதிராமனுக்கு இது தெரியக் கூடாது. ஆருக்குச் சொன்னாலும் அவருக்குச் சொல்லாதேங்கோ. அவரை உங்களுக்குத் தெரியாதுதான்.

சரி, இப்ப என்ன செய்யிறது? கூடினதைக் கழட்டினாச் சரியோ? கழட்டிப்போட்டு கொஞ்சத்தூரம் ஓடி, குழாயில கிடக்கிறதும் எரிஞ்சா, புகை நிண்டிடுமோ? ... நல்லது. இப்பவே கழட்டுவம். உங்களிட்ட ஒயில் ஆணி கழட்டுற சாவி இருக்கோ? நான் கீழ படுக்கிறன், எனக்கு வெக்கமில்லை. ... என்ன நிவேதிகா? ... ஓம் பிள்ளை, விளங்குது, முற்றத்தில ஒயில் சிந்தக் கூடாது. சிந்தேல்ல. கத்தாதேங்கோ. எத்தினை மணிக்குப் பூட்டுவியள்? நாலரைக்கோ? இப்ப ரெண்டரை. சனிக்கிழமை, மற்றக் கராஜ் எல்லாம் பூட்டு. திறந்திருக்கிறது ஒண்டே ஒண்டு.

தம்பி... ஒரு உதவி செய்வியளோ? நீங்கள் வானை ஓட்டிக்கொண்டு போய் கண்டி றோட்டில குடுங்கோவன். உங்கட வான் எண்டு சொல்லுங்கோ. ... தெரியும்தான், நம்பரைப் பாத்தாத் தெரியும். பின்கண்ணாடியில என்ர பேரும் கிடக்கு. ... அப்ப நான் மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டு இருக்கிறன், நீங்கள் கதையுங்கோ. ... இல்லையோ? ... ஓம். விளங்குது. நான்தான் கதைக்கோணும். உங்களையும் கூப்பிடினம், போங்கோ. போங்கோ, லொறியை எடுங்கோ. நான் போன் எடுக்கிறன் அவருக்கு.

அடிக்குது... எடுக்க மாட்டார். ஜெமீல் நாநா எடுக்க மாட்டார், நானாயிருந்தா எடு... ஹலோ? நாநாவோ? நான்... குணமணி. ... ஓம். டெஸ்டில நிக்கிறன். பெயில். ... நீலம். என்னெண்டு தெரியும்? ... பஸ்மியாவோ? இறங்கின உடன திரும்பிப் பாத்து, இண்டைக்கு எவ்வளவு நீலம் எண்டு வந்து உங்களுக்குச் சொல்லுறவவோ? ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தனீங்கள்?

இல்லை நாநா, போனை வையாதேங்கோ. ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு ஆறு பேருக்கு முன்னால சொன்னனான், இஞ்ச ஒன்பது பேர் நிக்கினம், எல்லாரும் என்னைத்தான் பாக்கினம். கேக்கட்டும். நீங்கள் விட்டது நல்ல ஒயில். களவு எண்டு நான் சொன்னது பொய். கூட விட்டது நான். பள்ளத்தில வச்சுப் பாத்துப் பாத்து விட்டனான். நீங்கள் சொல்ல வந்தனீங்கள், நான்தான் சொல்ல விடேல்ல. ... ஹலோ? நிக்கிறியளோ? ... என்ன, ஓட்டக் கூடாதோ? இவ்வளவு ஒயிலோட ஓட்டினா எஞ்சினுக்குக் கூடாதோ? அப்ப நான் என்ன... நீங்களோ? இஞ்சயோ? ... ஓம். ஓம் நாநா. தொடேல்ல. ஒண்டையும் தொடேல்ல.

வாறாராம். ஒயில் பிடிக்கிற பேசினும் சாவியும் எடுத்துக்கொண்டு பைக்கில வாறாராம். ஒரு சொல்லுப் பேசேல்ல என்னை. பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும். எனக்கு வெக்கமாக் கிடக்கு. ஒன்பது வருசம் என்ர வானைத் தன்ர வீட்டு வாகனம் மாதிரிப் பாத்த மனுசன்...

அதுக்குள்ள குறூப்புக்குச் சொல்லிப்போடோணும். எழுத நேரமில்லை, குரலிலயே அனுப்புறன். "பிள்ளையள்ட அம்மாமார் எல்லாருக்கும், குணமணி கதைக்கிறன். வானுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒயில் கூடிப்போச்சு. கூடினது ஒயில் மட்டுமில்லை, என்ர வாயும்தான். ஜெமீல் நாநாவைப் பற்றி நான் சொன்னது உங்கட காதுக்கு வந்திருந்தா, அது பொய் எண்டு வீட்டில எல்லாருக்கும் சொல்லுங்கோ. பத்திரம் கிடைச்சா திங்கள் வருவன். கிடைக்காட்டி ஸப்வான்ட பஸ்ஸில ஏத்துங்கோ, நான் கோவிக்க மாட்டன்..." கோவிப்பன். ஐயோ, அதுவும் போயிட்டுதோ? சரி, போகட்டும்.

என்ன தம்பி, முடிஞ்சுதோ? பாஸோ? நல்லது, நல்லது, அந்தப் பேப்பரைத் தண்ணியில நனைய விடாதேங்கோ. போறியளோ? ஐஸ் கரையுது என்ன. போயிட்டு வாங்கோ. வாழ்க்கையில என்னிட்ட இவ்வளவு நேரம் கதை கேட்ட ஆள் நீங்கள்தான். நிலாவெளிக்கு வந்தா...

பொறுங்கோ. பைக் சத்தம். அவர்தான். பேசினை நெஞ்சில கட்டிக்கொண்டு வாறார் பாருங்கோ, பொலிஸ் காணேல்லையோ! ... நாநா! வாங்கோ நாநா. நான் முதலே சொல்லிப்போடுறன், பிழை என்ரதான், அந்தப் பற்றறியாலதான் எல்லாம், பள்ளத்தில நிப்பாட்டினது ஏனெண்டா செல்ஃப் அடிக்காட்டி... என்ன நாநா?

... தள்ளி நிக்கவோ? சரி.

... கதைக்காமலோ?

சரி நாநா.